வாடகை ஏறினால் பாட்டு எங்கே போகும்?

சென்ற இதழில் சென்னை வீட்டு வாடகை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இசைக்காரர்கள் வரிசையாக எழுதிவிட்டார்கள். டிரம்ஸ் வாசிப்பவர், கானா பாடுகிறவர், லண்டனில் பேண்ட் வைத்திருப்பவர் என்று பலர். எனவே இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்குத்தான்.

கேள்வி: சாலிகிராமத்தில் பல வருடமாக மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசிக்கிறேன், எப்போதாவது ரெக்கார்டிங்குக்கும் கூப்பிடுவார்கள். இப்போது ஹவுஸ் ஓனர் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார். அதே ஏரியாவில் இன்று கேட்கிற வாடகை எனக்குக் கட்டுப்படியாகாது, குன்றத்தூர் பக்கம் போகிறேன். "வாடகை எல்லாருக்கும்தான் ஏறுது, உனக்கு மட்டும் என்ன தனிக்கதை?" என்று அண்ணன் கேட்கிறார். என்ன சொல்வது?
- ஒரு வாசகர், சென்னை

அண்ணன் சொல்வது பாதி சரி. வாடகை எல்லோர் கழுத்தையும்தான் நெரிக்கிறது. ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் வாடகைக்குப் பயந்து 15 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தினமும் பஸ்ஸில் கூடுதலாக ஒரு மணி நேரம் போகும், தூக்கம் குறையும், வேலை மட்டும் அதே வேலைதான். உங்களுக்கு வீடு மாறினால் வேலையே கைவிட்டுப் போகலாம்.

முதலில் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாடகைக்குப் பிடிப்பது தூங்குகிற இடத்தை மட்டும் அல்ல, தினமும் இரண்டு மூன்று மணி நேரம் அடித்துப் பழகுகிற இடத்தையும் சேர்த்துத்தான். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் பழைய தனி வீடுகளில் பின்பக்கம் ஒரு ஷெட், மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை என்று ஏதாவது இருக்கும், அதில் வாசித்தால் ஓனரம்மா "தம்பி, ஒன்பது மணிக்கு மேல வேணாம்ப்பா" என்பதோடு விட்டுவிடுவார். அந்த வீடு இடிந்து எட்டு ஃபிளாட் ஆனதும் எட்டுக் குடும்பம் வருகிறது, ஒரு அசோசியேஷன் வருகிறது, விதிமுறை வருகிறது. அங்கே இரண்டு மடங்கு வாடகை தருகிறேன் என்றாலும் டிரம்ஸுக்கு இடம் கிடைக்காது. வாடகை உயர்வு என்று நாம் சொல்வதில் இந்தப் பாதி யார் கணக்கிலும் வருவதில்லை, எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

அப்புறம் காசு வருகிற விதம். வாடகை மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி வந்து நிற்கும். கல்யாணத்தை நம்பியிருக்கிற நாகஸ்வர, தவில் கலைஞர்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் கையில் வேலை இருக்காது. உங்களைப் போன்ற ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு ஆடியில் அம்மன் கோவில் கச்சேரிகள் இருக்கும், வேறு மாதங்களில் வறண்டுவிடும். வாடகை குறைவாக இருந்த காலத்தில் ஒரு நல்ல மாதத்தின் பணத்தை வைத்து இரண்டு மோசமான மாதங்களை ஓட்டினார்கள். இப்போது அது முடியாததால் பகலில் டெலிவரி வண்டி ஓட்டுகிறார்கள், வாசிப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆகிவிடுகிறது.

தூரத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு மணி நேரத்துல வந்துடு" என்று போன் வரும், குன்றத்தூரிலிருந்து வர முடியாது என்று தெரிந்ததும் அடுத்த முறை பக்கத்தில் இருப்பவருக்குப் போன் போய்விடும். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் என்ற இந்த வட்டாரம் இசைக்காரர் வட்டாரமாக ஆனதே ஏவிஎம், பிரசாத், விஜயா வாகினி எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருந்ததால்தான். வயலின்காரர் வீட்டு மாடியில் தபலாக்காரர், எதிர்வீட்டில் கோரஸ் பாடுகிற அக்கா. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர் இடத்தில் வாசிக்கக் கிடைக்கிற அந்த ஒரு நாள்தான் புதிதாக வருகிற பையனுக்கு வாசல். விஜயா வாகினி இருந்த நிலத்தில் இன்று மருத்துவமனை, ஓட்டல், மால் எல்லாம் நிற்கின்றன. பிரசாத் ஸ்டுடியோவில் ஒரே கூடத்தில் 40 ஆண்டுக்கு மேல் இசையமைத்த இளையராஜாவே, நிர்வாகம் அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ள விரும்பியபோது, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2020 கடைசியில் தன் பொருட்களை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. அவர் அடுத்த ஆண்டே சொந்தமாக ஒரு ஸ்டுடியோ அமைத்துக்கொண்டார். ரிதம் பேட் வாசிக்கிறவரால் அது முடியுமா? அண்ணனிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி: நியூயார்க்கில் சிபிஜிபி என்ற உலகப் புகழ்பெற்ற ராக் கிளப்பையே வாடகைத் தகராறில் மூடினார்களாமே? அவ்வளவு பெயர், அவ்வளவு ரசிகர்கள், ஊர் முழுக்கப் பணக்காரர்கள். யாராலும் காப்பாற்ற முடியவில்லையா?
- ஒரு வாசகர், கோவை

முடியவில்லை. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வில்லன் என்று யாரும் இல்லை.

1973 டிசம்பரில் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் பௌரி தெருவில் 315ஆம் எண் கட்டடத்தில் அதைத் திறந்தார். அன்று பௌரி என்றால் வீடற்றவர்களும் குடித்துவிட்டு நடைபாதையில் கிடப்பவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். 1975இல் நியூயார்க் மாநகராட்சியே திவாலாகும் நிலைக்குப் போனது. தெற்கு மன்ஹாட்டனில் தொழிற்சாலைகள் காலியாகி, உயரமான கூரையும் பெரிய ஜன்னலுமாகக் கிடந்த மாடிகளை யாரும் சீந்தவில்லை. லாஃப்ட் என்று சொல்லப்பட்ட அந்த மாடிகளில் ஓவியர்களும் இசைக்காரர்களும் குடியேறினார்கள். பாண்ட் தெருவில் 24ஆம் எண்ணில் சாம் ரிவர்ஸ் என்ற ஜாஸ் கலைஞர் தன் மனைவியோடு சேர்ந்து ரிவ்பீ என்ற இடத்தை நடத்தினார். வீடும் அதுவே, அரங்கமும் அதுவே. டாக்கிங் ஹெட்ஸ் குழுவினர் கிறிஸ்டி தெருவில் ஒரு லாஃப்டில் சேர்ந்து குடியிருந்தார்கள், பிளாண்டி குழுவினர் பௌரியிலேயே இருந்தார்கள். ரமோன்ஸ், டெலிவிஷன் என்ற குழுக்கள், பாடகி பேட்டி ஸ்மித் என்று சிபிஜிபி மேடையில் ஏறியவர்களின் பட்டியல் நீளம். பலர் கச்சேரி முடிந்து கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள். அங்கே வாடகை குறைவாக இருந்ததற்கு யாருடைய இசைப் பற்றும் காரணம் இல்லை. அந்த இடம் வேறு யாருக்கும் வேண்டாததாக இருந்தது, அவ்வளவுதான்.

முப்பது ஆண்டுகளில் அதே தெரு எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. கட்டடத்தைக் கையில் வைத்திருந்தது வீடற்றவர்களுக்காக உழைக்கிற ஒரு தொண்டு நிறுவனம். அவர்களுக்கும் பணம் தேவை, அவர்கள் செய்வதும் நல்ல காரியம்தான். வாடகை பாக்கி பற்றிய வழக்கில் 2005இல் தீர்ப்பு கிளப்புக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, அதைப் புதுப்பிக்கச் சொல்லும் அதிகாரம் நீதிபதிக்கு இல்லை. 2006 அக்டோபர் 15 அன்று பேட்டி ஸ்மித் பாடி முடித்ததோடு மூடினார்கள். 2008இல் அந்த இடத்தில் விலையுயர்ந்த ஆண்கள் ஆடைக் கடை ஒன்று வந்தது. உலகமே டீசர்ட்டில் பெயரைப் போட்டுக்கொண்டு திரிந்தாலும் குத்தகைப் பத்திரத்தில் அந்தப் பெயருக்கு எந்த உரிமையும் கிடையாது.

அதே ஊரில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. 43ஆம் தெருவில் மன்ஹாட்டன் பிளாசா என்று இரண்டு கோபுரக் கட்டடங்கள், 1,689 வீடுகள். நடுத்தர வர்க்கத்துக்காகக் கட்டத் தொடங்கினார்கள். ஊர் நொடித்துப்போன காலம், அக்கம்பக்கமும் மோசம், அந்த வாடகை கொடுத்து வர ஆள் இல்லை. 1977இல் அரசு மானியத்தோடு அதைக் கலைஞர் குடியிருப்பாக மாற்றினார்கள். பத்தில் ஏழு வீடு மேடைக் கலைஞர்களுக்கு, மீதி அந்தப் பகுதியின் பழைய குடியிருப்பாளர்களுக்கும் முதியவர்களுக்கும். அவரவர் வருமானத்தில் ஒரு பங்குதான் வாடகை என்று ஏற்பாடு, அதனால் வேலை இல்லாத காலத்தில் வாடகையும் இறங்கும். ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார். பாடகி அலீஷியா கீஸ் சிறுமியாக வளர்ந்ததும் அங்கேதான். சுற்றுவட்டாரம் முழுக்க விலை ஏறிய பிறகும் அந்தக் கட்டடத்தில் கலைஞர்கள் இருக்கிறார்கள், காரணம் வாடகையைத் தீர்மானிப்பது சந்தை அல்ல.

கேள்வி: இப்போதுதான் எல்லாரும் வீட்டிலேயே லேப்டாப்பில் பாட்டு செய்கிறார்களே? தென்காசியில் உட்கார்ந்து உலகம் முழுக்கக் கேட்க வைக்கலாம். நகரத்தில் போய் ஏன் கஷ்டப்பட வேண்டும்?
- ஒரு வாசகர், தென்காசி

செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஒரு ஆளாக உட்கார்ந்து செய்கிற இசைக்கு இது நல்ல காலம். ஆனால் நான்கு பேர் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கும்போது பிறக்கிற இசை வேறு. தவிலும் நாகஸ்வரமும் தனித்தனி வீட்டில் பதிவு செய்து ஒட்டினால் சேருமா? ஒரு பேண்டின் தாளக்காரரும் பேஸ் கிட்டார்காரரும் மாதக்கணக்கில் சேர்ந்து வாசித்துத்தான் ஒருவர் மூச்சு ஒருவருக்குப் புரிகிறது. அதற்கு அறை வேண்டும், அந்த அறைக்கு வாடகை உண்டு. பத்துப் பேர் முன்னால் தடுமாறி, அடுத்த வாரம் இருபது பேர் முன்னால் கொஞ்சம் குறைவாகத் தடுமாறுகிற சின்ன மேடையும் வேண்டும், அதற்கும் வாடகை உண்டு.

கேள்வி: வடக்கு லண்டனில் ஒரு பப்பின் மேல்மாடியில் மாதம் ஒருமுறை எங்கள் பேண்ட் வாசிக்கும், தமிழ்ப் பாட்டும் உண்டு. இடம் 30 வருடமாக நடக்கிறது. பக்கத்துக் காலி மனையில் அடுக்ககம் கட்டி ஆள் குடிவந்த ஆறாவது மாதமே கவுன்சிலில் சத்தப் புகார். முன்னால் இருந்தவர்களுக்கு ஒரு உரிமையும் இல்லையா?
- ஒரு வாசகி, லண்டன்

உண்டு, ஆனால் நேரத்தோடு கேட்டால்தான் கிடைக்கும். புதிதாக வருகிறவர்தான் ஏற்கெனவே இருக்கிற சூழலுக்குப் பொறுப்பேற்க வேண்டும், அதாவது இசை அரங்கத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டினால் ஒலித் தடுப்புச் செலவு கட்டுகிறவர் தலையில் என்ற விதி. ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச் என்பார்கள். மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலம் 2014இல் இதைத் திட்டமிடல் விதிகளில் சேர்த்தது, இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையில் 2018இல் வந்தது. கட்டட அனுமதி விண்ணப்பம் கவுன்சிலில் இருக்கும்போதே பப் நடத்துபவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். கட்டி முடித்த பிறகு சண்டை போடுவது கடினம். இருந்தாலும், கட்டுகிறவருக்கு அனுமதி கொடுத்தபோது ஒலித் தடுப்பு பற்றி என்ன நிபந்தனை போட்டார்கள் என்று கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள், நிபந்தனை இருந்தும் செய்யாமல் விட்டிருந்தால் புகார் திரும்பிவிடும். அங்கே மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்று 2014இல் தொடங்கிய அமைப்பு சிறிய அரங்கங்களுக்கு இதில் ஆலோசனை சொல்கிறது, பப்காரரை அவர்களிடம் அனுப்புங்கள். 2023இல் மட்டும் பிரிட்டனில் இப்படிப்பட்ட சிறிய அரங்கங்கள் 125 கைவிட்டுப் போயின என்று கணக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். எல்லாம் சத்தத்தால் அல்ல, வாடகையும் மின்கட்டணமும் சேர்ந்து அடித்ததும் இதில் உண்டு.

கேள்வி: எந்த அரசாவது இதை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டிருக்கிறதா?
- ஒரு வாசகர், பெங்களூரு

எடுத்துக்கொண்டார்கள், பாதி வழியில் நின்றார்கள். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரம் 1991இல் தன்னை உலகத்தின் நேரடி இசைத் தலைநகரம் என்று அறிவித்துக்கொண்டது. ஆனால் அந்த ஊரின் இசையை உருவாக்கிய ஆர்மடில்லோ அரங்கம் 1980 டிசம்பர் 31 இரவோடு மூடி இடிக்கப்பட்டு அலுவலகக் கட்டடமாகியிருந்தது. லிபர்ட்டி லஞ்ச் என்ற இன்னொன்று 1999இல் போனது. ஊருக்குப் பெயர் வர வர மென்பொருள் நிறுவனங்கள் வந்தன, வாடகை ஏறியது, இசைக்காரர்கள் ஊருக்கு வெளியே போனார்கள். பிறகு விழித்துக்கொண்டு சில நல்ல காரியங்கள் செய்தார்கள், 1974 முதல் நடக்கிற ஹோல் இன் த வால் என்ற சிறு அரங்கத்துக்கு 2023இல் நகரத்தின் நிதி உதவியோடு 20 ஆண்டுக் குத்தகை கிடைத்தது.

பெர்லினில் 1989இல் சுவர் விழுந்ததும் கிழக்கில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களில் டெக்னோ என்ற மின்னணு நடன இசை வளர்ந்தது. ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் பாதாளப் பணப் பெட்டக அறையில் 1991இல் திறந்த டிரேசர் என்ற கிளப், அந்த நிலம் அலுவலகம் கட்ட விற்கப்பட்டதால் 2005இல் மூடி, 2007இல் ஒரு பழைய மின் நிலையத்தில் மறுபடி திறந்தது. பெர்லின் மாநில அரசு 2020இல் வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு போட்டது, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே கிளப்புகளையும் ஓபெரா, அருங்காட்சியகம் போலப் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் என்று ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம்தான். ஆனால் தீர்மானத்தைக் காட்டி வாடகையைக் குறைக்க முடியாது, வாட்டர்கேட் என்ற பெயர்பெற்ற கிளப் 2024 கடைசியில் மூடியது.

கேள்வி: சார், நான் கானா பாடுறேன். எங்க குடும்பத்தை ஆற்றங்கரையிலேர்ந்து பெரும்பாக்கத்துக்கு மாத்திட்டாங்க. இது வாடகைப் பிரச்சினை இல்லைதான், ஆனா உங்க பதிலைப் படிச்சப்போ நம்ம கதையும் இதுதானேன்னு தோணுச்சு.
- ஒரு வாசகர், பெரும்பாக்கம்

தம்பி, உங்கள் கதையும் இதேதான், இன்னும் கொடுமையாக. வாடகை ஏறினால் மனிதர் தானாக மூட்டை கட்டுகிறார், உங்களை மூட்டை கட்ட வைத்தார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது நகரத்து நிலத்தின் விலை. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் இருந்தவர்களை 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று 20, 30 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டாம், பக்கா வீடு என்றார்கள். வேலை எங்கே, பள்ளி எங்கே என்ற கேள்விகளாவது பத்திரிகையில் வந்தன. பாட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

கானா மேடையில் பிறந்தது இல்லை. சாவு வீட்டில், இரவு முழுக்க, இறந்தவரைத் தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து பாடுவது. போனவரின் தொழில், அவர் குணம், பட்ட பாடு எல்லாம் தெரிந்த ஆள் பாடினால்தான் அழுகை வரும். அதற்கு ஒரே தெருவில் பல காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வியாசர்பாடியில் ஒரு பிளாக், சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சந்து என்று இருந்தவர்களைக் குலுக்கிப் போட்டு வெவ்வேறு அடுக்குமாடியில் வைத்தால் எட்டாவது மாடியில் யார் இறந்தார் என்று கீழே தெரிவதில்லை. உங்களைப் போன்றவர்கள் அங்கேயும் பாட்டை மறுபடி தொடங்குகிறீர்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். பிளாக் நடுவில் இருக்கிற திறந்த இடத்தை வண்டி நிறுத்த விடாமல் மாலையில் பாடுவதற்கு என்று குடியிருப்போர் சங்கத்தில் எழுதி வாங்குங்கள். சின்னப் பசங்களை உட்கார வைத்து, பழைய ஏரியாவின் பெரியவர்கள் பாடுவதைப் போனில் பதிவு செய்யுங்கள், அவர்கள் இருக்கும்போதே.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் உண்டு. பிராக்டீஸ் செய்ய அறை தேடுகிறோம். அழுது பயனில்லை என்று தெரிகிறது. நடைமுறையில் என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், திருச்சி

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

ஐந்து பேராகத் தேடாதீர்கள், மூன்று குழுவாகத் தேடுங்கள். ஒரு அறையை மூன்று குழு நாள் பிரித்து எடுத்தால் தலைக்கு வருகிற தொகை தாங்கும். வீட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு, இரவில் பூட்டிக் கிடக்கிற இடமாகப் பாருங்கள். டுடோரியல் சென்டர், ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடி, கிடங்கு, பள்ளியின் பாட்டு வகுப்பறை. சபாக்காரர்களையும் போய்க் கேளுங்கள், சீசன் போக மற்ற மாதங்களில் பல வார நாட்களில் அரங்கம் இருட்டாகத்தான் கிடக்கிறது, காலை நேரத்தில் ஒரு பக்க அறையைத் தந்தால் அவர்களுக்கு இழப்பு இல்லை. உங்களுக்குப் பிடித்த இசை அவர்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், கேட்பதில் தவறில்லை.

அறை கிடைத்ததும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எத்தனை மணி வரை வாசிக்கலாம், எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்பவரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள், இரண்டு மாதமாவது குறையும்.

கொஞ்சம் பெரிதாக யோசிக்கும் தைரியம் இருந்தால் மெல்போர்னைப் பாருங்கள். காலிங்வுட் பகுதியில் டோட் என்று ஒரு பழைய ராக் பப். உரிம விதிகளின் செலவு தாங்காமல் 2010 ஜனவரியில் மூடியபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் ஊர்வலம் போனார்கள், விதி தளர்ந்தது, அது மறுபடி திறந்தது. 2023இல் கட்டடமே விற்பனைக்கு வந்தது. அதே ஊரில் சின்ன மதுக்கடை ஒன்றில் இசை நடத்தி வந்த ஒரு தம்பதி, பொதுமக்களிடம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டினார்கள். கட்டடத்தை வாங்கி, அங்கே இசை தவிர வேறொன்றும் வராதபடி அறக்கட்டளையில் வைப்பது என்பதுதான் அவர்கள் வாக்கு. இங்கிலாந்தில் சாதாரண ரசிகர்கள் பங்கு போட்டு ஒரு சங்கம் அமைத்து, 2023இல் ஆதர்டன் என்ற சின்ன ஊரில் ஸ்னக் என்ற அரங்கத்தின் கட்டடத்தை வாங்கி, நடத்துகிறவர்களுக்கே குறைந்த வாடகைக்கு விட்டார்கள். பிறகு வேறு ஊர்களிலும் வாங்கினார்கள். சென்னையிலும் பல சபாக்கள் உறுப்பினர் சந்தா, நன்கொடை என்று சேர்த்துத்தான் சொந்தக் கட்டடம் கட்டின, கர்நாடக இசைக்கு நகரத்தின் நடுவில் இன்றும் இடம் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மெல்லிசைக்கும் ராக்குக்கும் கானாவுக்கும் அப்படி ஒரு சங்கம் ஏன் கூடாது? திருச்சியில் மூன்று குழு சேர்ந்து அறை எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், வாடகை எவ்வளவு, எப்படிப் பிரித்தீர்கள் என்ற கணக்கோடு. மற்ற ஊர்க்காரர்களுக்காக அதை இந்தப் பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.